மேற்கொடுப்புப்பல் அகற்றலும் தாடைக்குடாத் திறப்பும்: யாழ்ப்பாண மருத்துவத் தமிழ் மரபின் பின்னணியில் ஒரு விளக்கம்

பல் பிடுங்குதல் மருத்துவ வினைகளுள் மிகச் சிறியது என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது சரியானதே. எனினும், மேற்றாடையின் பின்பற்கள் ஒருவகையில் ஏனைய பற்களினின்றும் வேறுபட்டவை. அவற்றின் வேர்களுக்கு மேலே, மெல்லிய எலும்புத் தகடு ஒன்றுக்கு அப்பால், மூக்குடன் தொடர்புடைய காற்றறை ஒன்று உளது. பல் அகலும்போது அத்தகடும் உடையுமாயின் வாய்க்கும் அவ்வறைக்கும் இடையே ஒரு திறப்பு உண்டாகின்றது. அன்றே அறியப்படின் அது சில தையல்களுடன் முடிந்துவிடும். அறியப்படாது வாரங்கள் கழியின், பருகும் நீர் மூக்குவழி வெளிப்படுவதும் கன்னத்தினுள்ளே சீழ் கட்டுவதுமான நாட்பட்ட நோயாக அது மாறிவிடும்.

ஒரே திறப்பு இவ்வாறு இருவேறு முடிவுகளை எய்துவது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திறப்பின் பருமன், எலும்பின் தன்மை, சத்திரசிகிச்சையாளரின் கைத்திறன் என்பன அதற்குரிய காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவற்றோடு ஒத்த முக்கியத்துவம் உடைய இன்னொரு காரணமும் உண்டு. தனக்கு நேர்ந்தது யாது, எதனைச் செய்தல் கூடாது, எப்போது மீண்டும் வருதல் வேண்டும் என்பவை நோயாளிக்கு அவர் மொழியில் விளங்கச் சொல்லப்பட்டனவா என்பதே அது. மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடைபெற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினாவுக்குத் தனியான ஒரு பொருத்தப்பாடு உண்டு.

தாடைக்குடாவின் அமைப்பு

மூக்கின் இருபுறமும் மேற்றாடை எலும்பினுள் அமைந்துள்ள காற்றறைகளையே இக்கட்டுரை தாடைக்குடாக்கள் எனக் குறிப்பிடுகின்றது. வழக்கில் இவை 'சைனஸ்' எனப்படும். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு வளைவு, குடா என்னும் பொருள்கள் உள. வளர்ந்த ஒருவரில் இவ்வறை ஏறத்தாழ 15 மில்லிலீற்றர் கொள்ளத்தக்கது. அதன் கூரை கண்குழியின் தளமாகும். உட்சுவர் மூக்கின் பக்கச் சுவராகும். அதன் தளமோ மேற்பற்களைத் தாங்கும் பற்குழி வரம்பாகும். குழந்தை பிறக்கும்போது மிகச் சிறிதாயுள்ள இவ்வறை பற்கள் முளைக்க முளைக்கக் கீழ்நோக்கி விரிந்து, நிலையான பற்கள் யாவும் தோன்றிய பின்னர் மூக்கின் தளத்திலும் தாழ்ந்த நிலையை அடைகின்றது. சிறுவர்களிடையே இத்திறப்பு அரிதாக இருப்பதற்கும் முதிர்ந்தோரிடையே கூடுதலாகக் காணப்படுவதற்கும் இவ்வளர்ச்சியே காரணம்.

குடாவின் உட்புறத்தைச் சீதமென்சவ்வு ஒன்று போர்த்துள்ளது. வழமையான நிலையில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. அச்சவ்வின் கலங்களில் நுண்ணிய பிசிர்கள் உண்டு. அவை இடையறாது அசைந்து, குடாவிற் சுரக்கும் சளியை மூக்கினுள்ளே திறக்கும் வாயிலை நோக்கித் தள்ளுகின்றன. இவ்வாயில் குடாவின் அடியில் அன்றி உட்சுவரின் மேற்பகுதியிலேயே அமைந்துள்ளது. எனவே சளியானது புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கியே கொண்டுசெல்லப்படுதல் வேண்டும். குறுகிய வாயினால் மாத்திரம் கடலோடு தொடர்புற்ற கடனீரேரியின் வாய் மணலால் அடைபட்டால் உள்ளே நீர் தேங்கிப் பழுதாவதை நாம் அறிவோம். பிசிர்கள் செயலிழந்தாலோ வாயில் வீங்கி அடைபட்டாலோ குடாவில் நிகழ்வதும் அத்தகையதே. தேங்கிய சளியிற் பற்றீரியாக்கள் பெருகும். நம் முன்னோர் பீனிசம் எனக் குறிப்பிட்ட நோய்க்குறிகள் தோன்றும்.

குடாவின் தளத்துக்கும் பல்வேர்களுக்கும் உள்ள நெருக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும். யாழ்ப்பாணத்தில் கொடுப்புப்பல் என வழங்கும் கடைவாய்ப்பற்களுள் முதலாவதும் இரண்டாவதுமே குடாவுக்கு மிக அண்மையில் உள்ளவை. சிலரில் அவற்றின் வேர்நுனிகள் குடாவினுள்ளே மேடுகளாகப் புடைத்து நிற்கும். வேறு சிலரில் வேருக்கும் குடாவுக்கும் இடையில் எலும்பே இல்லாது சீதமென்சவ்வு மட்டும் இருப்பதும் உண்டு. ஹென்றி கிறே 1858 இல் வெளியிட்ட உடற்கூற்று நூல் இச்செய்தியைத் தெளிவாகவே எடுத்துரைக்கின்றது. அந்நூலின் தமிழ் வடிவம் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தமை பின்னர் விரிவாக நோக்கப்படும்.

திறப்பு நேரும் விதம்

பல் அகற்றும்போது திறப்பு ஏற்படுவதற்கு மருத்துவரின் கவனக்குறைவே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இது முழுவதும் பொருத்தமான கருத்தன்று. வேர்கள் குடாவினுள் நீட்டி நிற்கும் ஒருவரில், எத்துணை மென்மையாகப் பல்லை எடுத்தாலும் திறப்பு நேரலாம். வேர்நுனியில் நெடுநாளாக இருந்த சீழ்க்கட்டி எலும்பைக் கரைத்துவிட்டிருப்பின், பல் அகன்றதும் அதுவரை மறைந்திருந்த வழி வெளிப்படுகின்றது. வேர்கள் பரந்து வளைந்திருத்தல், பல் எலும்போடு இறுகிப் பிணைந்திருத்தல், மேற்றாடையின் பின்முனைப் புடைப்பு பல்லோடு சேர்ந்து உடைதல், முறிந்த வேரை எடுக்க முயலும்போது அது குடாவினுள்ளே தள்ளப்படுதல் என்பனவும் காரணங்களாகும்.

இவற்றுள் சமூக நோக்கிற் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது தனித்து நிற்கும் கடைவாய்ப்பல்லாகும். அயற்பற்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்ட பின் எஞ்சி நிற்கும் பல்லைச் சூழக் குடா கீழ்நோக்கி மேலும் விரிவடைகின்றது. அப்பல்லே மெல்லும் பளு முழுவதையும் தாங்குவதால் அதனைச் சுற்றியுள்ள எலும்பு இறுகிவிடுகின்றது. அதனைப் பிடுங்கும்போது பல்லுடன் குடாவின் தளமும் பெயர்ந்து வரக்கூடும்.

பற்கள் ஒவ்வொன்றாக இழக்கப்படுவது யாரிடத்தில்? சொத்தை சிறிதாயிருக்கும்போதே அடைத்துக்கொள்ள வசதியும் ஓய்வும் உள்ளவரிடத்தில் அன்று. நாட்கூலியை நம்பி வாழ்பவர் பலமுறை சென்றுவர வேண்டிய வேர்ச்சிகிச்சையை மேற்கொள்வது கடினம். இலவச அரச வைத்தியசாலையிலும் ஒருநாட் சம்பளம் அவருக்கு இழப்பே. வலி பொறுக்கமுடியாத நிலையில் ஒரே நாளில் முடியும் வழியையே அவர் தெரிவுசெய்கின்றார். இவ்வாறு தனித்த கடைவாய்ப்பல்லும், வேர்நுனியிற் சீழும், காலங்கடந்த வருகையும் ஒரே மனிதரில் ஒன்று சேர்கின்றன. எனவே தாடைக்குடாத் திறப்பு எலும்பின் அமைப்பைப் பொறுத்த ஒரு விபத்தாயினும், அவ்விபத்து எவரிடம் கூடுதலாக நேரும் என்பதை வாழ்க்கை நிலையும் நிர்ணயிக்கின்றது.

வரலாற்றில் ஒரு நோயாளி

லியொனார்டோ டா வின்சி 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த மண்டையோட்டுப் படங்களில் தாடைக்குடா காணப்படுகின்றது. எனினும் ஆங்கில மருத்துவரான நதானியேல் ஹைமோர் 1651 இல் வெளியிட்ட உடற்கூற்று நூலின் பின்னரே அது மருத்துவ உலகிற் பரவலாக அறியப்பட்டது. அவர் பெயராலேயே அதனை நெடுங்காலம் அழைத்தனர். ஹைமோர் தம் நூலிற் குறிப்பிடும் நோயாளி ஒரு பெண். வேட்டைப்பல் அகற்றப்பட்டபோது அவருடைய குடா திறந்துகொண்டது. திறப்பினூடாக நீர் இடைவிடாது வடிந்தது. காரணம் அறிய விரும்பிய அவர் வெள்ளி ஊசி ஒன்றை அதனுள்ளே செலுத்தினார். பின்னர் இறகுத் தண்டு ஒன்றையும் செலுத்திப் பார்த்தார். அது தடையின்றி மேலேறிச் சென்றமையால் மூளையையே தொட்டுவிட்டதாக எண்ணி அஞ்சினார். அங்கே இயற்கையாகவே ஒரு வெற்றறை உண்டென ஹைமோர் அவருக்கு விளக்கியபின் அச்சம் தணிந்தார்.

இந்நிகழ்ச்சி இரு உண்மைகளை உணர்த்துகின்றது. பல் பிடுங்கியதால் நேரும் குடாத் திறப்பு, குடாவைப் பற்றிய அறிவோடு ஒத்த பழைமை உடையது என்பது ஒன்று. உடலின் அமைப்பை அறியாத நிலையில் நோயைவிட அச்சமே பெரிதாகின்றது என்பதும், விளக்கம் என்பதும் ஒருவகை மருந்து என்பதும் மற்றையது.

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் கூப்பர் என்னும் ஆங்கிலச் சத்திரசிகிச்சையாளர் இத்திறப்பினையே சிகிச்சையாகக் கையாண்டார். குடாவில் சீழ் தேங்கிய நோயாளரில் ஒரு கடைவாய்ப்பல்லை அகற்றி, பற்குழியூடாகக் குடாவைத் துளைத்துச் சீழை வெளியேற்றுவது அவர் முறை. நுண்ணுயிர்க்கொல்லிகள் இல்லாத அக்காலத்தில் அது பயனுடையதாயினும், ஆறாத் துளை ஒன்றை நோயாளியிடம் விட்டுச் சென்றது. 1893 இல் நியூயோர்க்கில் கால்ட்வெல்லும் 1897 இல் பாரிசில் லூக்கும், வேட்டைப்பல்லுக்கு மேலேயுள்ள எலும்புச் சுவரைத் திறந்து குடாவைத் துப்புரவு செய்யும் முறையை விவரித்தனர். அதன் பின்னர் பற்குழி வழியே துளையிடுதல் வழக்கொழிந்தது. நேர்ந்துவிட்ட துளையை மூடுதலே பணியாயிற்று.

கண்டறிதல்

திறப்பு ஏற்பட்டதை உடனே உணர்த்தும் அறிகுறிகள் சில உள. அகற்றிய பல்லின் வேர்களோடு எலும்புத் துண்டு ஒட்டியிருத்தல், பற்குழியிலுள்ள குருதியிற் குமிழிகள் தோன்றுதல், வாயலம்பும்போது நீர் மூக்கில் வருதல், குரல் மாறுதல் என்பன அவை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை மூக்கினூடே தள்ளும்படி நோயாளியைக் கேட்டு, பற்குழியூடாகக் காற்று வருகின்றதா என நோக்குவதும் உண்டு. இதனைப் பலமாகச் செய்வித்தல் தவறு. சிறு திறப்பைப் பெரிதாக்கவும், எலும்பு மட்டும் உடைந்து சவ்வு சிதையாதிருப்பின் அதனைக் கிழிக்கவும் அது ஏதுவாகும். கருவியை உட்செலுத்தித் துருவிப் பார்ப்பதற்கும் இதே தடை பொருந்தும். மேலும், வீங்கிய சவ்வோ தசைவளர்ச்சியோ திறப்பை உள்ளிருந்து அடைத்திருப்பின் காற்று வராது. எனவே காற்று வரவில்லை என்பதால் மட்டும் திறப்பு இல்லையெனத் துணிதல் கூடாது.

நாட்கள் கழிந்து வரும் நோயாளர் கூறும் முறைப்பாடுகள் வேறு: "தண்ணி குடிச்சால் மூக்காலை வருது", "சுருட்டை இழுக்கேலாமல் கிடக்கு", "ஒரு பக்க மூக்காலை நாத்தமாய்ச் சளி வருது". பேச்சு வழக்கில் அமைந்த இச்சிறு வாக்கியங்கள் ஒவ்வொன்றும் நோயை நிர்ணயிக்கத்தக்க சான்றாகும். மூக்கின் ஒருபுறத்தில் மட்டும் நாற்றத்துடன் சளி வடியுமாயின், மேற்பற்களையும் அண்மையிற் பிடுங்கிய பல்லையும் பற்றி வினவுதல் இன்றியமையாதது. தடிமன் எனக் கருதி மருந்து கொடுத்து அனுப்பினால் உண்மைக் காரணம் மறைந்துவிடும். வேர்த்துண்டு உள்ளே சென்றுளதா, குடாவிற் சீழ் தேங்கியுளதா என்பவற்றை எக்ஸ்-கதிர்ப்படம் காட்டும். அண்மைக் காலத்துக் கணினிவழிக் குறுக்குவெட்டுப் படங்கள் எலும்புக் குறையின் அளவையும் துல்லியமாகத் தருகின்றன.

திறப்பின் கதி

பல் அகன்ற குழியிற் குருதி உறைந்து நிற்பதே இயற்கையின் முதற் சிகிச்சையாகும். அக்குருதிக் கட்டியினுள் புதிய இழையம் வளர்ந்து, காலப்போக்கில் எலும்பாகின்றது. திறப்பு 2 மில்லிமீற்றர் அளவினதாகவோ அதனிற் சிறியதாகவோ இருப்பின், குருதிக் கட்டி கலையாது காக்கப்பட்டால் அது பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட திறப்புகள் தாமாக மூடுவது அரிது. அவற்றுக்குச் சத்திரசிகிச்சை தேவை. இடைப்பட்டவற்றில் இருபுறத்து முரசையும் அணைத்துத் தையலிட்டு, குழியிலுள்ள குருதிக்கட்டியைப் பாதுகாப்பதே போதுமானதாகலாம்.

காலதாமதம் ஏன் தீங்கு விளைக்கின்றது? உடலில் எந்தத் திறப்பின் ஓரங்களிலும் மேலணி இழையம் படர முயலும். வாயின் மேலணி மேல்நோக்கியும் குடாவின் மேலணி கீழ்நோக்கியும் படர்ந்து ஒன்றையொன்று சந்திக்குமாயின், திறப்பு தோல் மூடிய ஒரு நிலையான வழியாக மாறிவிடுகின்றது. இதனை ஆறாப் புரை எனலாம். புண்ணாக உள்ள வரையிலேயே உடல் அதனை ஆற்ற முயலும். மேலணி போர்த்தபின் உடலின் கணிப்பில் அது புண் அன்று. ஆதலின் அது தானாக ஆறுவதில்லை. இதற்கிடையில் உமிழ்நீரும் உணவுத் துணிக்கைகளும் வாயின் பற்றீரியாக்களும் குடாவை அடைந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி உள்ள குடாவின்மேல் இடப்படும் தையல் நிலைப்பதில்லை. திறப்பினை முதல் ஓரிரு நாட்களுள் மூடுதல் சிறந்தது என மருத்துவ நூல்கள் வற்புறுத்துவதன் அடிப்படை இதுவேயாகும்.

சத்திரசிகிச்சை முறைகள்

திறப்பை மூடுவதன் தத்துவம் எளிமையானது. எலும்புக் குறையின்மேல், உயிருள்ள இழையத்தை, இழுவிசையின்றி, அடியில் எலும்பு தாங்கும் இடத்தில் தையல் அமையுமாறு பொருத்துதல் வேண்டும். இழையம் உயிரோடிருக்கக் குருதியோட்டம் தேவை. ஆகவே அதனை முற்றாக வெட்டியெடுக்காது, ஒருபுறம் உடலோடு இணைந்திருக்க மடலாகப் பெயர்த்து நகர்த்துவர். மடல் எங்கிருந்து பெறப்படுகின்றது என்பதைக் கொண்டு முறைகள் வேறுபடும்.

முதலாவது கன்னப்பக்க மடல். 1936 இல் றேர்மன் விவரித்த இம்முறையில், பற்குழியின் வெளிப்புறத்து முரசையும் சவ்வையும் அடிப்பக்கம் அகன்ற மடலாகப் பெயர்த்தெடுப்பர். எலும்பைச் சுற்றிய சவ்வு நெகிழாத தன்மையுடையதாகையால் மடல் எளிதில் நீளாது. அச்சவ்வை மட்டும் உட்புறமாகக் குறுக்கே வெட்டிவிட்டால் மடல் நெகிழ்ந்து அண்ணப்பக்க விளிம்பை எட்டும். செய்வதற்கு இலகுவானதாலும் பெரும்பாலும் உள்ளூர் விறைப்பூசியுடனேயே செய்யத்தக்கதாலும் இது பரவலாகக் கைக்கொள்ளப்படுகின்றது. கன்னத்துக்கும் முரசுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் ஆழம் குறைவது இதன் குறைபாடு. பின்னர் பொய்ப்பல் அணிய விரும்புவோர்க்கு அது இடையூறாகலாம்.

இரண்டாவது அண்ண மடல். இதனை 1939 இல் அஷ்லி விவரித்தார். அண்ணத்தின் சவ்வு தடித்தது; உறுதியானது. பெரு அண்ண நாடி பின்னிருந்து முன்னாக அதனூடே செல்கின்றது. அந்நாடி மடலினுள் அடங்குமாறு சவ்வைப் பெயர்த்து, பக்கவாட்டிற் சுழற்றித் திறப்பின்மேற் பொருத்துவர். குருதியோட்டம் நிறைந்த இம்மடல் எளிதில் அழுகுவதில்லை. கன்னத்துப் பள்ளமும் குறைவதில்லை. ஆயின் மடல் எடுத்த இடத்தில் எலும்பு வெளித்தெரியும். அது புதிய இழையத்தால் மூடப்படச் சில வாரங்கள் செல்லும். அதுவரை உண்பது வருத்தந் தரும்.

மூன்றாவது கன்னக் கொழுப்பு மடல். கன்னத்தினுள்ளே தசைகளுக்கிடையில் அமைந்துள்ள கொழுப்புத் திரளைப் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் பிஷாவின் பெயரால் அழைப்பர். 1977 இல் எக்யெடி இதனை இத்தகைய திறப்புகளை மூடுவதற்குப் பயன்படுத்திக் காட்டினார். பெரிய திறப்புகளுக்கும், முன்னர் செய்த சத்திரசிகிச்சை பயனளிக்காதவிடத்தும் இது உதவுகின்றது. வாயினுள் திறந்திருக்கும் கொழுப்பின்மேல் சில வாரங்களில் வாயின் மேலணி தானாகவே படர்ந்துவிடுவது இதன் சிறப்பாகும்.

ஆறாப் புரை உண்டாகிய பின் வருவோரில், மடல் பொருத்துவதற்கு முன் செய்யவேண்டியன இரண்டு. ஒன்று, புரையின் உள்ளே படர்ந்துள்ள மேலணியை முழுவதும் வெட்டியகற்றி அதனை மீண்டும் ஒரு புண்ணாக்குதல். மற்றையது, குடாவிலுள்ள அழற்சியைத் தீர்த்தல். குடாவைக் கழுவுதல், நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தல், உள்ளே தங்கிய வேரை அகற்றுதல், மூக்கினுள் திறக்கும் இயற்கை வாயில் அடைபட்டிருப்பின் அதனைத் திறத்தல் என்பன இதனுள் அடங்கும். முன்னர் இதற்காகக் கால்ட்வெல்-லூக் முறை மேற்கொள்ளப்பட்டது. இன்று மூக்கின் வழியே அகநோக்குக் கருவியைச் செலுத்தி வாயிலை விரிவாக்கும் முறை அதன் இடத்தைப் பெரிதும் பெற்றுள்ளது. கடனீரேரியின் உவமையை மீண்டும் நினைப்போமாயின், கடலுக்குச் செல்லும் வாய் திறந்திராவிடில் கரையில் இடும் அணை நிலைக்காது என்பது புலப்படும்.

முதல் நாளில் ஒரு தையலோடு முடிந்திருக்கக்கூடிய விடயம், மாதங்கள் கழிந்தபின் பல்மருத்துவரும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரும் இணைந்து மேற்கொள்ளும் சிகிச்சையாக வளர்ந்துவிடுவதை இவ்விடத்தில் நோக்குதல் தகும்.

தூரமும் காலமும்

இலங்கையிற் பல்மருத்துவப் பட்டக் கல்வி நெடுங்காலம் பேராதனையில் மட்டுமே நடைபெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் 1978 இல் ஆரம்பமாயிற்று. இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலே வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. ஆயின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் குடாநாட்டு நோயாளர் தெற்கேயுள்ள வைத்தியசாலைகளுக்குச் செல்லுதல் பெருந் துன்பமாக இருந்தது. ஏ-9 நெடுஞ்சாலை 1990 முதல் 2002 வரையும் பின்னர் 2006 முதல் 2009 வரையும் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டிருந்தது. நாட்களையே எல்லையாகக் கொண்ட சிகிச்சைக்கு இத்தகைய தடை எத்துணைப் பாதகமானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாதை திறந்திருக்கும் இந்நாளிலும், நெடுந்தீவு முதலாய தீவுகளில் வாழ்வோர்க்குப் படகுப் பயணம் உண்டு. தூரத்தால் நேரும் தாமதத்தை உடனே ஒழிக்க இயலாது. அறியாமையால் நேரும் தாமதத்தை ஒழிக்கலாம்.

பின்கவனிப்பும் வாழ்க்கை முறையும்

திறப்பை மூடிய பின்னரும், சிறிய திறப்பைத் தானாக மூட விட்ட போதும், 10 முதல் 14 நாட்கள் வரை வாய்க்கும் குடாவுக்கும் இடையில் அமுக்க வேறுபாடு தோன்றாது காத்தல் வேண்டும். மூக்கைச் சிந்துதல் கூடாது. தும்மல் வரின் அடக்காது, வாயைத் திறந்தபடியே தும்முதல் வேண்டும். உறிஞ்சுதலும் ஊதுதலும் விலக்கத்தக்கன. இவ்விதிகள் ஐரோப்பிய நூல்களிலிருந்து எடுத்துரைக்கப்படுகையில் குழாயால் குளிர்பானம் பருகாதீர் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. நம் நாட்டில் அவ்விதி இன்னும் பலவற்றைக் குறிக்கும். பனங்கொட்டை சூப்புதல், நுங்கை உறிஞ்சுதல், சுருட்டும் பீடியும் இழுத்தல், அடுப்பூதுதல் என்பன யாவும் அதனுள் அடங்கும். புகைத்தலில் அமுக்க வேறுபாட்டோடு, குருதியோட்டம் குறைதலும் பிசிர்கள் செயலிழத்தலும் ஆகிய வேறு தீங்குகளும் சேர்கின்றன. வெற்றிலைச் சக்கையைக் கொடுப்பில் அடக்கி வைத்தலும் தையலுக்குப் பகையாகும்.

தொழிலை வினவாது அறிவுரை கூறுதல் அரைச் சிகிச்சையே. நாதஸ்வரக் கலைஞர் ஒருவரின் வாய்க்குள் எழும் அமுக்கம் புதுத் தையலைப் பிளக்கப் போதுமானது. சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலில் மூழ்குவோர் நீரின் ஆழத்தில் பெரும் அமுக்க மாற்றத்துக்கு உள்ளாகின்றனர். இத்தொழிலாளர் எத்தனை நாட்கள் தொழிலை நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் தெளிவாகச் சொல்லுதலும், அந்நாட்களுக்குரிய மருத்துவச் சான்றிதழ் வழங்குதலும் சிகிச்சையின் பகுதிகளாகும்.

கிறீனின் பணியும் இன்றைய தேவையும்

மேற்கூறிய அறிவுரைகள் யாவும் சொற்களால் ஆனவை. கத்தியும் ஊசியும் மருத்துவர் கையிலுள்ளன. ஆனால் அடுத்த பதினான்கு நாட்களின் சிகிச்சை நோயாளியின் கையிலேயே உள்ளது. ஆகவே மொழி என்பது இச்சிகிச்சைக்குப் புறம்பானதன்று.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தில் செயலாற் காட்டியவர் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 இல் பிறந்த அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மருத்துவ சேவையும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர் 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் கற்றவர் அரச உத்தியோகத்தை நாடிச் செல்ல, தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே தங்கி மக்களுக்குப் பணியாற்றுவர் என்பது அவரது எதிர்பார்ப்பு. அவரும் அவர்தம் மாணாக்கரும் உருவாக்கிய நூல்களுள் 1867 இல் வெளிவந்த 'இரணவைத்தியம்' சத்திரசிகிச்சை பற்றியது. 1872 இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' உடற்கூறு பற்றியது. கலைச்சொல் ஆக்கத்தில் முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல், இல்லாவிடில் வடமொழியை நாடுதல், அதுவும் இயலாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு ஏற்ப எழுதுதல் என்னும் ஒழுங்கை அவர் கைக்கொண்டார். 1873 இல் அவர் தாயகம் மீண்ட பின்னரும் மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்து, 1884 இல் மறைந்தார். தமிழ்மூல மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை.

கிறீனின் முயற்சி மதப்பணியோடு இணைந்திருந்தது என்பதையும், அவருடைய நடை வடசொற்கள் மிகுந்து இன்றைய வாசகருக்குக் கடினமாகத் தோன்றும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவரை வியந்து போற்றுவதோடு அமைவது நம் கடனைத் தீர்க்காது. மருத்துவக் கல்வி எம்மொழியில் நடைபெற வேண்டும் என்ற வினா விரிவானது. அதனை இங்கு தீர்க்க முற்படவில்லை. ஆங்கிலத்திற் கற்ற மருத்துவரும் சிகிச்சையின் இறுதிப் பகுதியைத் தமிழிலேயே நடத்த வேண்டியவராகின்றார் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. 'குடாத் திறப்பு' எனும் கலைச்சொல் நோயாளிக்குப் பயன்படாது. 'உங்கள் பல்லுக்கு மேலே மூக்கோடு சேர்ந்த ஓர் அறை இருக்கிறது. பல் எடுத்தபோது அதில் சிறு வாசல் திறந்திருக்கிறது' என்னும் இரு வாக்கியங்களே பயன்படும். ஆய்வாளருக்குக் கலைச்சொல்லும் மக்களுக்கு விளக்கச் சொல்லும் என மருத்துவத் தமிழுக்கு இரு கடமைகள் உண்டு. நாம் இதுகாறும் முதலாவதிலேயே கூடுதலான கவனம் செலுத்திவந்துள்ளோம்.

மேற்கொடுப்புப்பல் அகற்றப்படும் ஒவ்வொருவருக்கும் சிறு தாள் ஒன்று தமிழில் வழங்கப்படுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் முன்மொழிவாகும். எழுத வாசிக்க இயலாதோர்க்கு அது வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, அவரைக்கொண்டே திருப்பிச் சொல்விக்கப்படுதலும் வேண்டும். அதில் இடம்பெற வேண்டியன ஐந்தே செய்திகள்: நீர் மூக்கால் வந்தால் அது வழமையன்று, பல் எடுத்த குழியால் காற்று வந்தாலும் அவ்வாறே, அவ்வாறு நேரின் மூக்கைச் சிந்தவோ, எதையும் உறிஞ்சவோ, புகைக்கவோ வேண்டாம், குழியினுள் எதையும் விட்டுப் பார்க்க வேண்டாம், வலி இல்லாவிடினும் மறுநாளே வருக. இறுதிச் செய்தி மிக முக்கியமானது. இத்திறப்பு ஆரம்பத்திற் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி தீர்ந்ததென்று வீட்டிலிருப்பவரே காலந்தாழ்த்தி வருகின்றார்.

இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டுக் கருவியோ வேண்டியதில்லை. பல்மருத்துவரும் தமிழறிஞரும் ஒரு மாலைப்பொழுது சேர்ந்திருந்து எழுதத்தக்க தாள் அது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இத்தகைய பணியை மேற்கொள்ளுமாயின், மானிப்பாயில் ஒரு காலத்தில் தொடங்கிய முயற்சி நோயாளியின் கைக்கே சென்று சேர்ந்ததாகும்.